அளவைக் கூட்டவும் நினைவூட்டும் மென்பொருள்

குழந்தைகளுக்கான புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளுநராக இருக்கிறேன். கீமோதெரபி மருந்துகளின் அளவைக் கணக்கிட்டுத் தரும், சரிபார்க்கும், தவறென்று பட்டால் எச்சரிக்கும் மென்பொருள்களோடுதான் என் வேலைநாளின் பெரும்பகுதி கழிகிறது. இவற்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், மருந்து அளவு மீறிப் போகாமல் காப்பதே இவற்றின் வேலை என்று பலரும் சொல்லக் கேட்கிறேன். அந்த வேலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனாலும், ரத்தப் புற்றுநோய்க்கு நீண்டகாலம் மாத்திரை சாப்பிடும் ஒரு குழந்தைக்கு இந்த மென்பொருள் செய்யக்கூடிய பெரிய உதவி, கூட்ட வேண்டிய நேரத்தில் அளவைக் கூட்டச் சொல்வதுதான் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

குழந்தைப் பருவப் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய். வசதிகள் நிறைந்த மையங்களில் இன்று நூற்றுக்கு ஏறத்தாழ 90 குழந்தைகள் இதிலிருந்து குணமடைகிறார்கள். முதல் சில மாதங்கள் கடுமையான சிகிச்சை. அது முடிந்ததும், ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டுக்கு மேலும் நீளும் பராமரிப்புச் சிகிச்சை. அதன் முதுகெலும்பு இரண்டு மாத்திரைகள்: தினமும் மெர்காப்டோப்யூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட். மெர்காப்டோப்யூரின் 1953 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. அதை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் 1988இல் நோபல் பரிசு பெற்றார்கள். இவ்வளவு பழகிய மருந்தாக இருந்தும், இந்தக் குழந்தைக்கு இன்று எவ்வளவு என்ற கேள்விக்கு ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்குப் பிறகும் புதிதாக விடை காண வேண்டியிருக்கிறது. ஒரு குழந்தையின் ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையை முற்றாக அடக்கிவிடும் அளவு, அதே உயரமும் எடையும் கொண்ட இன்னொரு குழந்தையிடம் எந்த மாற்றத்தையும் காட்டாமல் போகலாம்.

ஆகவே, தொடக்க அளவு உடல் மேற்பரப்பளவைக் கொண்டு முடிவானாலும், அதற்குப் பிறகான அளவுகள், மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்தே நகர்கின்றன. நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்கும் 1500க்கும் இடையே இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் ஓர் இலக்கு. 500க்குக் கீழே இறங்கினாலோ தட்டணுக்கள் 50,000க்குக் கீழே போனாலோ மருந்தை நிறுத்திவைக்க வேண்டும். பல வாரங்களாக 1500க்கு மேலேயே நின்றால் 25 சதவீதம் கூட்ட வேண்டும். இந்த எல்லைகள் சிகிச்சைத் திட்டத்துக்குத் திட்டம் சற்று மாறும். இறங்கினால் குறை, ஏறியே நின்றால் கூட்டு என்ற அடிப்படை மாறாது.

எழுதிவைத்தால் இது சமநிலையான விதியாகத் தெரிகிறது. நடைமுறையில் இந்த விதியின் இரண்டு பக்கங்களும் ஒரே மாதிரி நடத்தப்படுவதில்லை. எண்ணிக்கை 400 ஆக இறங்கினால் ஆய்வகத்தின் அறிக்கையில் அது சிவப்பாக வரும். ஆய்வகத்திலிருந்தே தொலைபேசி அழைப்பு வரும். அன்றே பெற்றோருக்குத் தகவல் போய், அன்றிரவு மாத்திரை நிற்கும். எண்ணிக்கை 2400 ஆக இருந்தால் யாரும் யாரையும் அழைப்பதில்லை. ஆரோக்கியமான குழந்தைக்கு 2400 என்பது இயல்பான எண் என்பதால், அறிக்கையில் அது எந்த அடையாளமும் இல்லாமல் கறுப்பு மையில் அமைதியாக இருக்கும். பெற்றோரும் ‘எல்லாம் நார்மல்’ என்று நிம்மதி அடைவார்கள். ஆனால் இந்தச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு அந்த இயல்பான எண், மருந்து போதவில்லை என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். ஆய்வக அறிக்கையின் சிவப்பும் கறுப்பும் நமக்கு வேண்டிய எச்சரிக்கையில் பாதியை மட்டுமே தருகின்றன.

கூட்டாமல் தள்ளிப்போடுவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல காரணம் இருக்கும் என்பதுதான் இதன் சிக்கல். ஒருமுறை குழந்தைக்குச் சளி பிடித்திருந்தது, தொற்றினால் எண்ணிக்கை ஏறியிருக்கலாம். அடுத்த முறை ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்த வாரம், அதுவும் நியூட்ரோஃபிலை ஏற்றும். அதற்கடுத்த முறை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் விடுப்பில், புதிதாகப் பார்த்தவர் முந்தைய அளவையே தொடரச் சொன்னார். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதையும் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வருகைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், மூன்று நான்கு மாதங்களாக அந்தக் குழந்தை தேவையைவிடக் குறைந்த மருந்தில் இருந்திருக்கிறது. மனிதர்கள் வருகையைப் பார்க்கிறோம். வரிசையைப் பார்ப்பதற்கு நமக்கு நேரமும் இருப்பதில்லை, ஒரே கோப்பில் அது கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. வரிசையை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது கணினிக்கு மிக எளிது.

குழந்தை வளர்வதும் இதே வகையான சத்தமில்லாத குறைவைக் கொண்டுவருகிறது. 115 சென்டிமீட்டர் உயரமும் 20 கிலோ எடையும் உள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். உயரத்தையும் எடையையும் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும் என்பது மோஸ்டெல்லர் 1987இல் தந்த எளிய சூத்திரம். அதன்படி இக்குழந்தையின் உடல் மேற்பரப்பளவு 0.80 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம் வீதம் மெர்காப்டோப்யூரின் நாளைக்கு 60 மில்லிகிராம். சிகிச்சை முடியும் தறுவாயில் அதே குழந்தை 127 சென்டிமீட்டரும் 25 கிலோவும் ஆகியிருந்தால், மேற்பரப்பளவு 0.94 ஆகிவிடும், தேவை ஏறக்குறைய 70 மில்லிகிராம். இடையில் யாரும் மறுபடி கணக்குப் போடவில்லை என்றால், யாரும் எதையும் குறைக்காமலேயே அளவு ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்திருக்கும்.

மாத்திரையைப் பொறுத்த நுணுக்கமும் உண்டு. மெர்காப்டோப்யூரின் பெரும்பாலும் 50 மில்லிகிராம் மாத்திரையாகவே கிடைக்கிறது. 60 மில்லிகிராம் என்று எழுதிக் கொடுத்தால் பெற்றோரால் அதைக் கொடுக்க முடியாது. மாத்திரையைப் பாதியாக உடைக்கலாம், ஐந்தாக உடைக்க முடியாது. நல்ல மென்பொருள் நாளைக் கணக்கில் கொள்ளாமல் வாரத்தைக் கணக்கில் கொள்ளும். வாரத்துக்கு 420 மில்லிகிராம் தேவை. நான்கு நாள்கள் ஒரு மாத்திரை, மூன்று நாள்கள் ஒன்றரை மாத்திரை என்றால் மொத்தம் எட்டரை மாத்திரை, 425 மில்லிகிராம். அளவை 25 சதவீதம் கூட்டும்போது தினமும் 75 மில்லிகிராம், அதாவது தினமும் ஒன்றரை மாத்திரை என்று கணக்கு எளிதாகிவிடுகிறது. இந்த வாரக் கணக்கைக் கையால் போடுவதில் யாருக்கும் பெருமை இல்லை. நெரிசலான வெளிநோயாளர் நாளில், அருகிலிருக்கும் முழு மாத்திரைக்கு இறக்கி எழுதிவிடும் பழக்கம் இந்தக் கணக்கின் தொல்லையால்தான் வருகிறது. 60 என்பது 50 ஆகிவிடுகிறது, அங்கேயும் ஆறில் ஒரு பங்கு மருந்து காணாமல் போகிறது.

இந்த இடத்துக்காகவே உருவாக்கப்பட்ட மென்பொருள்கள் உண்டு. பிரிட்டனில் 2000களின் தொடக்கத்தில் உருவான லிசா என்ற இணையவழி அமைப்பு, லுக்கேமியாவுக்குப் பராமரிப்புச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் ரத்த எண்ணிக்கை, மருந்து அட்டவணை, பக்கவிளைவுகள் ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்து, சிகிச்சைத் திட்டத்தின் விதிகளின்படி அடுத்த அளவு என்னவாக இருக்கலாம் என்று மருத்துவருக்கு ஆலோசனை சொன்னது. மருத்துவ வழிகாட்டு நெறிகளைக் கணினிக்குப் புரியும் விதமாக எழுதுவதற்கென ஜான் ஃபாக்ஸின் குழுவினர் வடிவமைத்த புரோஃபார்மா என்ற மொழியில் அதன் விதிகள் எழுதப்பட்டிருந்தன. அது முடிவெடுக்கவில்லை; எந்த விதியால் இந்த ஆலோசனை என்பதையும் காட்டிற்று. இருபது ஆண்டுகள் கடந்தும் அந்த அமைப்பின் அடிப்படை எண்ணம் எனக்குச் சரியாகவே படுகிறது. சிக்கலான கணிதம் எதுவும் அதில் இல்லை. சொல்லப்பட்ட விதியைச் சொல்லப்பட்டபடி, களைப்பில்லாமல், ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்திருப்பது மட்டுமே அதன் திறமை, அதுவே போதுமான திறமை.

மருந்து கூடிப்போகும் ஆபத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் கௌஷலும் சக ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளுக்கு எழுதப்பட்ட 10,778 மருந்து ஆணைகளில் 616 பிழைகள் இருந்தன. தீங்கு விளைவித்திருக்கக்கூடிய பிழைகளின் வீதம் பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் மூன்று மடங்கு. பெரியவர்களுக்கு ஒரு மாத்திரை என்றால் ஒரு மாத்திரைதான்; குழந்தைகளுக்கு ஒவ்வொன்றும் ஒரு பெருக்கல் கணக்கு. புற்றுநோயில் அந்தக் கணக்கின் அடிப்படையே மருந்துக்கு மருந்து மாறுகிறது. வின்கிரிஸ்டின் மேற்பரப்பளவின்படி, ஆனால் 2 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கார்போபிளாட்டின் பல திட்டங்களில் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. தண்டுவடத் திரவத்தில் செலுத்தும் மெத்தோட்ரெக்சேட்டுக்கு மேற்பரப்பளவு பொருந்தாது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த திரவத்தின் கொள்ளளவு மூன்று வயதிலேயே ஏறத்தாழ வளர்ந்தவருக்கு நிகராகிவிடுவதால் அங்கே வயதுதான் கணக்கு: பரவலான ஒரு திட்டத்தில் மூன்று வயது முதல் ஒன்பது வயதுக்குள் 12 மில்லிகிராம், ஒன்பதிலிருந்து 15. சிகிச்சைக்கு நடுவே குழந்தைக்கு ஒன்பதாவது பிறந்தநாள் வந்துபோனதை மென்பொருள் கவனிக்க வேண்டும். மறுபடியும், இங்கே தவறவிடப்படுவது ஒரு கூட்டல்.

வெளியே தெரியாத ஒரு வகைப் பிழையை இங்கே சொல்லியாக வேண்டும். உயரத்தையும் எடையையும் மாற்றிப் பதிந்துவிட்டால் என்ன ஆகும்? 115 கிலோ எடை, 20 சென்டிமீட்டர் உயரம் என்று யாரேனும் இடம் மாற்றித் தட்டச்சு செய்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மோஸ்டெல்லர் சூத்திரம் இரண்டையும் பெருக்குவதால் மேற்பரப்பளவு அதே 0.80 என்றே வரும். மேற்பரப்பளவின்படி எழுதப்படும் கீமோதெரபி அளவுகள் அனைத்தும் சரியாகவே இருக்கும். சரிபார்ப்பவர் கண்ணுக்கு எந்த உறுத்தலும் இருக்காது. ஆனால் எடையின்படி எழுதப்படும் வாந்தித் தடுப்பு மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் 115 கிலோவுக்கு எழுதப்பட்டுவிடும். கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் என்ற கணக்கில் 3 மில்லிகிராம் ஒண்டான்செட்ரான் போக வேண்டிய இடத்தில் 17 மில்லிகிராமுக்கு மேல் வரும். இறுதி விடை சரியாக இருப்பதால் உள்ளே போன எண்களும் சரி என்று நம்பக் கூடாது. ஒவ்வொரு எண்ணும் இந்த வயதுக் குழந்தைக்கு நம்பத்தக்கதா, சென்ற முறை பதிந்ததிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்குக்கு முன்பே கேட்கும் மென்பொருள்தான் வேண்டும்.

2013இல் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்தது, புற்றுநோய்ச் சிகிச்சை அல்லாவிட்டாலும், எங்கள் பிரிவில் தினமும் வழங்கும் ஒரு மருந்தைப் பற்றியது: கோட்ரைமாக்சசோல். நுரையீரல் தொற்றைத் தடுக்க லுக்கேமியாக் குழந்தைகள் பலருக்கும் அதைத் தருகிறோம். 40 கிலோவுக்குக் குறைவான நோயாளிக்கு எடைக்கணக்கில்தான் எழுத வேண்டும் என்று அங்கே விதி இருந்தது. அந்தப் பதினாறு வயதுப் பையனின் எடை 40 கிலோவைத் தொடவில்லை. கணக்கு முழு மாத்திரையோடு பொருந்தாததால், 160 மில்லிகிராம், அதாவது ஒரு மாத்திரை, என்று திருத்தி எழுதுமாறு மருந்தாளுநர் கேட்டார். மருத்துவர் 160 என்று தட்டினார். ஆனால் திரையில் அலகு ‘கிலோவுக்கு மில்லிகிராம்’ என்று இருந்தது. ஒரு மாத்திரை முப்பத்தெட்டரை மாத்திரை ஆயிற்று. எச்சரிக்கை வந்தது, மருத்துவர் அதைத் தள்ளிவிட்டுப் போனார். மருந்தகத்திலும் எச்சரிக்கை வந்தது; அங்கேயும் அது தாண்டப்பட்டது. இயந்திரம் பிசகாமல் எண்ணிப் பொட்டலம் கட்டியது. செவிலியருக்கு ஐயம் எழுந்தது. பார்கோடு கருவி சரி என்று காட்டியதும் அடங்கியது. பையனுக்கு வலிப்பு வந்து, உயிர் பிழைத்தான்.

இந்த நிகழ்வைப் படிக்கும்போது, அந்த மருத்துவரையோ மருந்தாளுநரையோ என்னால் குறை சொல்ல முடியவில்லை. மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை தாண்டிச் செல்லப்படுகின்றன என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. எங்கள் துறையில் இது இன்னும் மோசம். இங்கே தெரிந்தே எலும்பு மஜ்ஜையை அடக்குகிறோம், தெரிந்தே உச்ச அளவுகளைத் தருகிறோம், எனவே பொதுவான எச்சரிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒவ்வொரு ஆணைக்கும் கூச்சலிடும். மெர்காப்டோப்யூரினோடு, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோப்யூரினால் என்ற மருந்து சேர்ந்தால் வரும் எச்சரிக்கையைப் பாருங்கள். அல்லோப்யூரினால், மெர்காப்டோப்யூரின் உடைந்து வெளியேறும் ஒரு வழியை அடைத்துவிடுகிறது. மெர்காப்டோப்யூரினின் அளவைக் கால் பங்காகவோ மூன்றில் ஒரு பங்காகவோ ஆக்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை கடுமையாகப் பாதிக்கப்படும். ஆனால் மருந்து வேண்டாத வழியில் மாறி கல்லீரலைத் தொல்லைப்படுத்தும் சில குழந்தைகளுக்கு, மருத்துவர்கள் வேண்டுமென்றே, மெர்காப்டோப்யூரினைக் குறைத்து அல்லோப்யூரினாலைச் சேர்ப்பார்கள். ஒரே எச்சரிக்கை ஒரு குழந்தையிடம் உயிர்காக்கும் செய்தி, இன்னொரு குழந்தையிடம் வீண் சத்தம். ‘ஆபத்து’ என்று மட்டும் கத்தாமல், மெர்காப்டோப்யூரின் குறைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, குறைக்கப்படாதபோது மட்டும் வழிமறிக்கும் எச்சரிக்கையை யாரும் கண்மூடித் தாண்ட மாட்டார்கள்.

மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் என்று எழுதிவிடும் பிழைக்கு இவ்வளவு யோசிக்கவும் தேவையில்லை. இந்தச் சிகிச்சையில் மாத்திரையாக எழுதும்போது ‘வாரம் ஒருமுறை’ என்பதைத் தவிர வேறெதையும் தேர்ந்தெடுக்க முடியாதபடி திரையை அமைத்துவிட வேண்டும். இதை எச்சரிக்கையாக வைத்திருக்கும் ஒவ்வொரு மென்பொருளும் தன் கடமையில் தவறுகிறது என்றே சொல்வேன்.

கணிதம் உண்மையிலேயே உதவும் இடம் உயர் அளவு மெத்தோட்ரெக்சேட். சதுர மீட்டருக்கு 5 கிராம் வரை, 24 மணி நேரம் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றப்படும் அளவு அது. பிறகு லூக்கோவோரின் என்னும் முறிவு மருந்து கொடுத்துத்தான் உடலின் நல்ல செல்களைக் காப்பாற்ற வேண்டும். ரத்தத்தில் மருந்தின் செறிவு குறித்த மணி நேரங்களில் அளக்கப்படும். சில குழந்தைகளிடம், சிறுநீரகம் திடீரெனச் சோர்ந்து, மருந்து வெளியேறாமல் தேங்கிவிடும். முன்பெல்லாம் ஒரு வரைபடத்தாளில் புள்ளிகளை வைத்து, கோட்டுக்கு மேலா கீழா என்று பார்ப்போம். இப்போது, சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2020இல் அறிமுகப்படுத்திய எம்டிஎக்ஸ்பிகே என்ற இணையக் கருவி போன்றவை, ஏற்கெனவே பல நோயாளிகளிடம் இம்மருந்து வெளியேறிய விதத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, இந்தக் குழந்தையின் அளவீடுகள் ஒவ்வொன்றாக வரவர அந்தக் கணிப்பைத் திருத்தி, செறிவு பாதுகாப்பான எல்லைக்கு எப்போது இறங்கும் என்று வளைகோடாக வரைந்து காட்டுகின்றன. மருந்தை ரத்தத்திலேயே உடைக்கும் குளுகார்பிடேஸ் என்ற நொதி அமெரிக்காவில் 2012இல் ஒப்புதல் பெற்றது. மெத்தோட்ரெக்சேட் ஏற்றத் தொடங்கி 48 முதல் 60 மணி நேரத்துக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபுணர்களின் பரிந்துரை. தேக்கம் வரப்போகிறது என்பது சில மணி நேரம் முன்கூட்டித் தெரிவது, இந்தக் கணக்கில் மிகப் பெரிய செல்வம்.

மரபணுப் பரிசோதனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிபிஎம்டி, நட்15 என்ற இரண்டு மரபணுக்களில் உள்ள மாறுபாடுகள் மெர்காப்டோப்யூரினை உடல் தாங்கும் அளவைப் பெரிதும் மாற்றுகின்றன. டிபிஎம்டி நொதி அறவே செயல்படாத குழந்தைக்கு அளவைப் பத்தில் ஒரு பங்காக்கி, வாரத்தில் மூன்று நாள்கள் மட்டுமே கொடுக்க வேண்டியிருக்கும். ஆசிய வம்சாவளியினரிடம் நட்15 மாறுபாடே அதிகம் எதிர்ப்படுகிறது. பரிசோதனை முடிவு ஒரு காகிதமாகவோ படமாகவோ கோப்பில் கிடந்தால் அதனால் பயனில்லை. அளவைக் கணக்கிடும் திரையே அதைப் படிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும்.

இனி, கூட்டச் சொல்லும் மென்பொருளுக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதத்துக்கு வருகிறேன். எண்ணிக்கை ஏறி நிற்பதற்கு அளவு குறைவாக இருப்பதே காரணம் என்று எப்படித் தெரியும்? குழந்தை மாத்திரையைச் சாப்பிடாமலும் இருக்கலாமே? இது மிகச் சரியான கேள்வி. மெர்காப்டோப்யூரின் மாத்திரைகளில் 95 சதவீதத்துக்குக் குறைவாக எடுத்துக்கொண்ட குழந்தைகளிடம் நோய் திரும்புவது கணிசமாக அதிகம் என்று ஸ்மிதா பாட்டியா தலைமையிலான ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புட்டியின் மூடி திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் பதிவாகும் மின்னணு மூடிகளைக் கொண்டு அவர்கள் இதை அளந்தார்கள். மாத்திரையைப் பாதி நாள் விட்டுவிடும் குழந்தைக்கு அளவை இரண்டு முறை கூட்டிவிட்டு, பிறகு ஏதோ காரணத்துக்காக வார்டில் சேர்த்து, செவிலியர் தினமும் முழு மாத்திரையையும் கொடுத்தால், எண்ணிக்கை அதலபாதாளத்துக்குப் போகும். அந்த ஆபத்து உண்மையானது.

ஆனால் இந்த வாதம் கூட்டச் சொல்லும் மென்பொருளை மறுக்கவில்லை. அது இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றே சொல்கிறது. ‘எட்டு வாரமாக 1500க்கு மேல்’ என்று காட்டும் அதே திரை, மாத்திரை விடாமல் தரப்படுகிறதா என்று பெற்றோரிடம் பேசினீர்களா என்றும், மருந்தின் சிதைவுப் பொருள்களின் அளவு ரத்தத்தில் பார்க்கப்பட்டதா என்றும் கேட்கலாம். தயோகுவானின் வகையும் மெத்தில் ஏறிய வகையும் இரண்டுமே மிகக் குறைவாக இருந்தால், மாத்திரை வயிற்றுக்குள் போகவில்லை என்ற ஐயம் வலுக்கும். முதலாவது குறைந்து இரண்டாவது மட்டும் எகிறியிருந்தால், மருந்து போகிறது, உடல் அதை வேறு வழியில் மாற்றுகிறது. இரண்டுக்கும் தீர்வு வேறு. கேள்வியை எழுப்பாமல் விட்டால், பழைய அளவு அப்படியே தொடர்ந்து, இரண்டு குழந்தைகளுமே உரிய கவனிப்பை இழப்பார்கள். மருத்துவர் தள்ளிப்போடுவதற்கும் மென்பொருள் கண்ணை மூடிக்கொண்டு கூட்டுவதற்கும் நடுவே, கேட்டு அறிவது என்ற மூன்றாவது வழி இருக்கிறது. வெளிநோயாளர் பிரிவின் அவசரத்தில் அந்த வழிக்கு இடம் ஒதுக்கித் தருவதே மென்பொருளின் வேலை.

வீட்டில் நடப்பதை எந்தத் திரையும் முழுமையாகக் காண முடியாது என்பதும் இதோடு சேர்ந்தது. புற்றுநோய் வெளிநோயாளர் பிரிவுகளில் நடந்து 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பெரியவர்களின் வருகைகளில் 7.1 சதவீதத்திலும் குழந்தைகளின் வருகைகளில் 18.8 சதவீதத்திலும் மருந்துப் பிழைகள் காணப்பட்டன; குழந்தைகளைப் பொறுத்தவரை அவற்றில் பல வீட்டில் நேர்ந்தவை. கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்றரை என்று மாறிமாறி வரும் அளவை ஒரு தாய் தூக்கக் கலக்கத்தில் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆகவே, அளவை முடிவுசெய்யும் அதே மென்பொருள், நாள்தோறும் எத்தனை மாத்திரை என்று முழு மாத்திரையும் அரை மாத்திரையும் படமாக வரைந்த ஒரு தாளை, அந்தக் குடும்பம் படிக்கும் மொழியில், பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தர வேண்டும். அளவு மாறியிருந்தால், ஏன் மாறியது என்று ஒரு வரி. பழைய தாளைத் தூக்கிப் போடுங்கள் என்று இன்னொரு வரி. இந்தத் தாளை மென்பொருளின் துணைப் பொருளாக நினைக்கிறார்கள். என் பார்வையில் அதுதான் அதன் முதன்மையான வெளியீடு.

இப்போது, பழைய நோயாளர் பதிவுகளிலிருந்து தானாகக் கற்றுக்கொண்டு அளவைப் பரிந்துரைக்கும் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பலர் ஆர்வத்தோடு கேட்கிறார்கள். எனக்கு இதில் ஒரு குறிப்பான தயக்கம் உண்டு. குழந்தைப் புற்றுநோய் அரிது, எந்த ஒரு மையத்திலும் பதிவுகள் குறைவு என்பது ஒருபுறம். அதைவிட முக்கியமானது, அந்தப் பதிவுகளில் இருப்பது மருத்துவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதுதான். என்ன செய்திருக்க வேண்டும் என்பது அதில் இல்லை. 400ஐக் கண்டால் உடனே நிறுத்தி, 2400ஐக் கண்டால் அடுத்த முறை பார்க்கலாம் என்று சொன்ன பல்லாயிரம் முடிவுகளைக் கொடுத்துக் கற்பித்தால், அந்த இயந்திரம் நம் தயக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். கற்றதைத் துல்லியமான எண்ணாகத் திருப்பித் தரும்போது அது தயக்கம் என்பதே தெரியாமல் போகும். ரத்த அணுக்கள் மருந்துக்கு எப்படி இறங்கி ஏறுகின்றன என்பதை உடலியல் அடிப்படையில் விவரிக்கும் கணித மாதிரிகளை நான் அதிகம் நம்புகிறேன். ஒவ்வொரு பரிந்துரைக்கும் எந்த எண்கள் காரணம் என்று அவற்றிடம் கேட்க முடியும், விடையும் கிடைக்கும்.

எங்கள் பிரிவின் மென்பொருளில் நான் இப்போது கேட்டிருக்கும் மாற்றம் சிறியது. அளவைக் கூட்டலாம் என்ற ஆலோசனையை மருத்துவர் ஏற்காதபோது, காரணத்தை ஒரு வரியில் எழுதச் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்துக்கு ஒரு காலாவதித் தேதியும் வேண்டும். ‘சளி இருக்கிறது, இம்முறை வேண்டாம்’ என்பது இரண்டு வாரத்துக்குச் செல்லும் காரணம். ‘ஸ்டீராய்டு வாரம்’ என்பது அடுத்த பரிசோதனை வரை செல்லும். தேதி கடந்ததும், எண்ணிக்கை இன்னும் மேலேயே இருந்தால், அந்தக் குழந்தையின் பெயர் தானாக ஒரு பட்டியலில் ஏற வேண்டும். மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள் எல்லோரும் கூடும் வாராந்திரக் கூட்டத்தில், காய்ச்சலோடு வார்டில் படுத்திருக்கும் குழந்தைகளைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, எல்லாம் நார்மல் என்று வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கும் இந்தக் குழந்தைகளின் பட்டியலையும் ஒருவர் வாசிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். வாசிக்கும் பொறுப்பை நானே ஏற்கத் தயாராக இருக்கிறேன்.